சார்ஜ் ஏற மறுக்கும் கைபேசி

(நூலக வாசகர் வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு எடுத்துக்கொண்ட பொருள் பார்வைக்கு மிகச் சிறியது. கைபேசியில் சார்ஜ் ஏறவில்லை என்றால் என்ன செய்வது? கடையில் கொடுத்தால் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள், இதற்கு ஒரு சொற்பொழிவா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் காய்கறிக் கடைக்குப் பணம் கொடுப்பதும், வங்கியின் ஓடிபி வருவதும், வெளியூரில் படிக்கும் பிள்ளையின் குரலைக் கேட்பதும் அந்த ஒரு கருவியில்தான். அது அணைந்துவிட்டால் வீடே பதறுகிறது. பதற்றத்தில் நம் கை சும்மா இருப்பதில்லை. கேபிளை வளைத்து அழுத்திப் பிடிக்கிறோம். சார்ஜிங் துளைக்குள் சேப்டி பின்னை விட்டுக் குடைகிறோம். சூடாகிவிட்டது என்று ஃப்ரிட்ஜுக்குள் வைக்கிறோம். பேருந்து நிலையத்தில் விற்கிற ஏதோ ஒரு சார்ஜரை வாங்கி மாட்டுகிறோம்.

நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்றுக்கொடுப்பவன். கைபேசி பழுதுபார்க்கும் பயிற்சி வகுப்பும் நடத்தி வருகிறேன். மேசைக்கு வருகிற போன்களைப் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. சார்ஜ் ஏற மறுக்கிற போன், பல நேரங்களில் தன்னையும் நம்மையும் காப்பதற்காகத்தான் மறுக்கிறது. ஏன் மறுக்கிறது என்று கண்டுபிடித்து அந்தக் காரணத்தை நீக்கினால் போதும். மறுப்பை மீறி எப்படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று நாம் மல்லுக்கட்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது.

இதைப் புரிந்துகொள்ள பேட்டரிக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் போன்களில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளம் அமைத்த ஜான் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. நேர்முனைத் தகடு ஒன்று, எதிர்முனைத் தகடு ஒன்று, இரண்டும் தொட்டுக்கொள்ளாதபடி நடுவில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். இவை அடுக்கடுக்காகச் சுருட்டப்பட்டு, எளிதில் தீப்பற்றும் ஒரு திரவத்தில் ஊறிக் கிடக்கின்றன. நம் சட்டைப் பையில் இருப்பது இதுதான். அந்தப் படலம் எங்காவது கிழிந்தாலோ, சூட்டில் உருகினாலோ இரண்டு தகடுகளும் சேர்ந்துவிடும். சேர்ந்தால் சூடு, சூட்டால் வேதிவினை, வேதிவினையால் மேலும் சூடு என்று அது தானாகவே வளர்ந்துகொண்டு போகும்.

அதனால்தான் போனுக்குள் இதற்கென்றே சில்லுகள் காவல் இருக்கின்றன. பேட்டரியின் சூடு என்ன, மின்னழுத்தம் என்ன, உள்ளே எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அவை இடைவிடாமல் அளக்கின்றன. நாம் மாட்டுகிற சார்ஜர் உண்மையில் மின்சாரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்துகிறது, அவ்வளவுதான். எவ்வளவு உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது போன். குடத்தில் தண்ணீர் பிடிக்கும்போது முதலில் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, கழுத்துக்கு வந்ததும் குறைத்து, விளிம்பில் சொட்டுச் சொட்டாக விடுகிறோம் அல்லவா, போனும் அப்படித்தான் ஏற்றுகிறது. தொடக்கத்தில் வேகமாக ஏறுவதும் 80 சதவீதத்துக்கு மேல் தவழ்வதும் இயல்பு. இப்போதைய போன்கள் பலவற்றில், இரவு முழுக்கச் சார்ஜில் கிடக்கும் என்று தெரிந்தால் 80இல் நிறுத்திவைத்து, நீங்கள் எழுந்திருக்கும் நேரத்துக்கு மீதியை ஏற்றும் வசதியும் உண்டு. "எண்பதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது சார்" என்று வருகிறவர்களில் பலருக்கு அமைப்புகளுக்குள் போய் அந்த வசதியைக் காட்டினாலே போதும். செலவு எதுவும் இல்லை.

அடுத்தது வெயில். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் வேலூரிலும் கரூரிலும் நிழலிலேயே 40 டிகிரி தாண்டுகிறது. காரின் கண்ணாடிக்கு அடியில், பைக்கின் ஹேண்டில்பாரில், ஆட்டோவின் முன்பலகையில் மாட்டிய போன், வழியும் காட்டிக்கொண்டு சார்ஜும் ஏறிக்கொண்டு இருந்தால் அதன் சூடு எங்கே போகும்? பேட்டரி ஏறத்தாழ 45 டிகிரியைத் தொட்டாலே பெரும்பாலான போன்கள் சார்ஜைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்கள் "மதியத்துல மட்டும் சார்ஜ் ஏறல" என்று வருவார்கள். போனில் கோளாறு இல்லை. உறையைக் கழற்றி, நிழலில் மின்விசிறிக்கு அடியில் கால் மணி நேரம் வைத்துவிட்டு மறுபடி மாட்டினால் ஏறும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். குளிர்ந்த போனை வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் வியர்த்து, உள்ளேயும் நீராகப் படியும். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாக, சூட்டுக்குப் பயந்து தண்ணீரை உள்ளே விட்டுவிடுவோம்.

சரி, சூடும் இல்லை, போன் வழக்கமான நிலையில்தான் இருக்கிறது, ஆனால் ஏறவில்லை. எங்கிருந்து தேடுவது? பலரும் நேரே பேட்டரி போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். நான் மாணவர்களுக்குச் சொல்வது, சுவரிலிருந்து தொடங்கி போனை நோக்கி வாருங்கள் என்பது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பிளக் பாயிண்ட், அடாப்டர், கேபிள் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது.

முதலில் பிளக் பாயிண்ட். அதே இடத்தில் ஒரு நைட் லேம்ப்பை மாட்டிப் பாருங்கள். நம் வீடுகளில் பழைய ஸ்விட்ச் போர்டுகளில் துளைகள் அகன்று போயிருக்கும். இரண்டு முள் அடாப்டர் அதில் ஆடிக்கொண்டே நிற்கும். ஆடுகிற இடத்தில் பொறி பறக்கும், சுற்றிலும் பழுப்புக் கறை படியும், காதை வைத்தால் சிறு சரசரப்புக் கேட்கும். அந்தப் பாயிண்டை அன்றே கைவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸும் மிக்ஸியும் மூன்று சார்ஜரும் மாட்டுகிற பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

அடாப்டரைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன். அடுத்து கேபிள். மேசைக்கு வருகிற புகார்களில் மிகுதியும் இங்கேதான் தீர்கின்றன. முனைக்குப் பக்கத்தில் மடங்கி மடங்கி உள்ளே கம்பி அறுந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது பரவலாக இருக்கிற டைப்-சி முனையில் 24 தொடர்புப் புள்ளிகள் இருக்கின்றன. மின்சாரம் போவதற்கு மட்டுமல்ல, போனும் சார்ஜரும் பேசிக்கொள்வதற்கும் அதில் தனிப் புள்ளிகள் உண்டு. உனக்கு எவ்வளவு வேண்டும், என்னால் எவ்வளவு தர முடியும் என்று இரண்டும் பேசி உடன்பட்ட பிறகுதான் வேகமான சார்ஜ் தொடங்கும். பேச்சு நடக்காவிட்டால், பாதுகாப்பாக 5 வோல்ட்டில் மெதுவாக ஏற்றுவது என்று இரண்டும் பின்வாங்கிக்கொள்ளும். அறுபது வாட் சார்ஜர் வாங்கினேன், மூன்று மணி நேரம் ஆகிறது என்று கோபப்படுகிறவர்களுக்கு இதுதான் விடை. சில நிறுவனங்கள் தங்களுக்கென்று தனி முறை வைத்திருக்கின்றன. ஒன்று மின்னழுத்தத்தைக் கூட்டி வேகம் காட்டும், இன்னொன்று மின்னழுத்தத்தைக் குறைவாகவே வைத்து மின்னோட்டத்தைக் கூட்டும். பின்னதற்குத் தடித்த கம்பியுள்ள அதன் சொந்தக் கேபிளே வேண்டும். பொதுவான டைப்-சி கேபிளில் 3 ஆம்பியர் வரை போகலாம். 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் கேபிளின் முனைக்குள்ளேயே ஒரு சிறு சில்லு இருந்து, என்னால் தாங்க முடியும் என்று அடையாளம் சொல்ல வேண்டும். கணினியின் பழைய யுஎஸ்பி துளையில் மாட்டினால் அரை ஆம்பியர்தான் கிடைக்கும். போன் பயன்பாட்டில் இருந்தால் ஏறுவதும் இறங்குவதும் சமமாகிவிடும்.

கேபிள் என்றால் வெறும் ஒயர்தானே என்று நினைப்பவர்கள் பென்சன் லியுங் என்ற பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுளில் பொறியாளராக இருந்தவர். டைப்-சி புதிதாக வந்த 2015இல், இணையத்தில் விற்ற கேபிள்களை வாங்கி வாங்கிச் சோதித்து, எது தரத்துக்கு உட்பட்டது, எது இல்லை என்று பொதுமக்களுக்கு எழுதினார். 2016 தொடக்கத்தில் ஒரு கேபிளைச் சோதிக்கும்போது அவருடைய மடிக்கணினியே பழுதாகிவிட்டது. திறந்து பார்த்தால் உள்ளே கம்பிகளை மாற்றி இணைத்திருந்தார்கள். மின்சாரம் போக வேண்டிய கம்பியும் தரைக் கம்பியும் இடம் மாறிக் கிடந்தன. அத்தனை விவரம் தெரிந்தவருக்கே வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இனி போனின் வாசல், அந்தச் சார்ஜிங் துளை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் போனைக் கொடுத்தால் துளைக்குள் பஞ்சு அடைத்துக் கிடக்கும். கட்டட வேலைக்காரர்கள் போனில் சிமென்ட் தூசி. சுருக்குப் பையில் போன் வைக்கிற பாட்டிமார் போனில் திருநீறும் பாக்குத் தூளும். ஒவ்வொரு முறை கேபிளைச் செருகும்போதும் அந்தத் தூசி உள்ளே இடித்து இறுகி, கடைசியில் முனை முழுதாக உள்ளே போகாது. செருகினால் 'டிக்' என்று உட்காராமல் லேசாக ஆடுகிறதா, கேபிளின் உலோக முனை வழக்கத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்து, மெல்லிய மரப் பல்குச்சியால் ஓரமாகத் தூசியை மெதுவாக வெளியே இழுங்கள். துளையின் நடுவில் ஒரு சிறு நாக்கு இருக்கும், அதன்மேல்தான் புள்ளிகள் எல்லாம். அதை நெம்பக் கூடாது. ஊக்கு, ஊசி, ஹேர்பின் எதுவும் உள்ளே போகக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் போய் உட்கார்ந்து பச்சை பூக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றாலேயே புள்ளிகள் அரித்துப் போவதுண்டு. பச்சையோ கருமையோ தெரிந்தால் அது வீட்டு வேலை அல்ல, கடைக்குக் கொண்டு போங்கள். பல போன்களில் சார்ஜிங் போர்டு தனியாக இருக்கும், அதை மட்டும் மாற்றிவிடலாம்.

மழையில் நனைந்து, ஈரம் இருப்பதாகத் திரையில் எச்சரிக்கை வந்தால் அதைக் கேளுங்கள். ஈரத்தோடு மின்சாரம் பாய்ந்தால் சில நிமிடங்களிலேயே புள்ளிகள் அரித்துவிடும். துளை கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள். அரை மணி நேரத்தில் காய்ந்துவிடலாம், சில சமயம் ஒரு நாள் ஆகும். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. அரிசித் துணுக்குகள் உள்ளே போய்ப் போனைக் கெடுக்கலாம், அப்படிச் செய்யாதீர்கள் என்று ஆப்பிள் நிறுவனமே எழுதி வைத்திருக்கிறது. ஹேர் டிரையரும் வேண்டாம்.

முழுக்கச் செத்துக் கிடக்கிற போனை மாட்டியவுடன் படம் வரவில்லை என்று கழற்றிவிடாதீர்கள். மிகக் கீழே இறங்கிய பேட்டரிக்கு முதலில் மிகச் சிறிய மின்னோட்டம்தான் கொடுக்கப்படும். அரை மணி நேரமாவது விட்டுவைத்துப் பாருங்கள். ஒரு ரீஸ்டார்ட்டில் சரியாகிற கோளாறுகளும் உண்டு.

இனி சொல்லப்போவதைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். இங்கே உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. சுவரில் வருவது 230 வோல்ட். போனுக்குப் போவது பெரும்பாலும் 5 முதல் 20 வோல்ட் வரை. இந்த இரண்டுக்கும் நடுவே அடாப்டருக்குள் ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இந்தப் பக்கக் கம்பியும் அந்தப் பக்கக் கம்பியும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. காந்தப் புலம் வழியாகத்தான் ஆற்றல் கடக்கிறது. நல்ல அடாப்டரில் இரு பக்கத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, டிரான்ஸ்ஃபார்மரில் மும்மடங்கு உறையுள்ள கம்பியோ காப்பு நாடாவோ சுற்றி வைப்பார்கள். மலிவு அடாப்டரில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும், போனும் ஏறும். ஒரு நாள் அந்த இடைவெளியில் ஈரமோ, பூச்சியோ, உருகிய ஈயமோ பாலம் போட்டால் 230 வோல்ட்டும் கேபிள் வழியாகக் கையில் இருக்கிற போனுக்கு வந்துவிடும். சார்ஜில் போட்டபடி ஒயர் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு படுப்பது, ஈரக் கையோடு சார்ஜில் இருக்கிற போனை எடுப்பது, குளியலறையில் சார்ஜ் போடுவது ஆகிய எல்லாம் உயிரைப் பணயம் வைக்கும் செயல்கள். நல்ல சார்ஜரிலும் உலோக உடல் கொண்ட போனைத் தொட்டால் சில நேரம் மெலிதாக விறுவிறுப்பது உண்டு. இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் ஒரு சிறு கெப்பாசிட்டர் வழியாக வரும் மிகக் குறைந்த கசிவு அது. ஆனால் வெட்டி இழுப்பது போல் இருந்தால் போனைக் கையால் தொடாமல் சுவிட்சை அணைத்து, அந்த அடாப்டரை அத்தோடு ஒதுக்கிவிடுங்கள்.

நல்ல அடாப்டரை எப்படித் தெரிந்துகொள்வது? இந்தியாவில் 2012இல் வந்த ஆணையின்படி மின்னணுப் பொருள்களை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்ற முறை தொடங்கியது. அடாப்டர், பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் இப்போது அதில் அடக்கம். அடாப்டரின் முதுகில் ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தோடு தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பேட்டரியில் ஐஎஸ் 16046. எண்ணை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் அல்லவா? அதனால் பிஐஎஸ் கேர் என்ற அரசுச் செயலியில் அந்தப் பதிவு எண்ணைத் தட்டிப் பாருங்கள். எந்த நிறுவனம், எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று காட்டும். கையில் இருக்கிற பொருளோடு பொருந்தாவிட்டால் வாங்காதீர்கள். புது போன் பெட்டியில் சார்ஜர் கொடுப்பதைப் பல நிறுவனங்கள் நிறுத்திவிட்ட இந்தக் காலத்தில், இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்க்கவே கூடாது என்பேன்.

பேட்டரி உப்பினால் என்ன செய்வது? பின்மூடி மெல்ல எழும்பும், திரை ஓரத்தில் பிரியும், மேசையில் வைத்தால் போன் ஆடும். உள்ளே இருக்கிற திரவம் சிதைந்து வாயுவாகி அடைபட்டிருக்கிறது என்று பொருள். அந்த நிமிடம் முதல் அதை மறுபடி சார்ஜ் போடக் கூடாது. அழுத்தி மூடியைச் சேர்க்கப் பார்ப்பது, ஊசியால் குத்தி வாயுவை விடுவது ஆகிய இரண்டும் தீயை அழைப்பவை. குத்துவது என்றால் நான் சொன்ன அந்த மெல்லிய படலத்தைக் கிழிப்பதுதான். அணைத்துவிட்டு, துணி, காகிதம், மெத்தை இல்லாத சிமென்ட் தரையிலோ மணல் போட்ட மண் சட்டியிலோ வைத்து, அன்றே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள்.

தயாரிப்பாளரின் சிறு பிழையே என்ன செய்யும் என்பதற்கு 2016இன் கேலக்ஸி நோட் 7 சாட்சி. சாம்சங் ஆகஸ்டில் வெளியிட்டது, செப்டம்பரில் ஏறத்தாழ 25 லட்சம் போன்களைத் திரும்பப் பெற்றது, மாற்றிக் கொடுத்தவையும் எரியவே அக்டோபரில் தயாரிப்பையே நிறுத்தியது. பின்னர் நடந்த ஆய்வில், முதல் தொகுதிப் பேட்டரிகளின் ஒரு மூலையில் இடம் போதாமல் தகடு வளைந்திருந்ததும், இரண்டாம் தொகுதியில் பற்றவைத்த இடத்தில் பிசிறு நீண்டிருந்ததும் தெரிந்தன. ஆலையில் நேர்ந்த ஒரு மூலை வளைவுக்கே இந்த விளைவு என்றால், பின்பாக்கெட்டில் வைத்து நாம் உட்காருவதும், இடுக்கியால் நெம்பிப் பேட்டரியைக் கழற்றுவதும் என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதே செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வந்த இண்டிகோ விமானத்தில், மேலே பை வைக்கும் அறையிலிருந்து புகை வந்தது. காரணம் ஒரு பழைய கேலக்ஸி நோட் 2. விமானப் பணியாளர்கள் தீயணைப்பானை அடித்து, பிறகு அந்தப் போனைத் தண்ணீர் நிறைந்த தொட்டியில் போட்டு அமிழ்த்தினார்கள். விமானம் பத்திரமாகச் சென்னையில் இறங்கியது. அவர்கள் செய்ததில் நமக்குப் பாடம் இருக்கிறது. எரிகிற பேட்டரியின் சுடரை அணைத்தால் மட்டும் போதாது, உள்சூட்டைத் தணிக்க வேண்டும், அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும். வீட்டில் நடந்தால் முதலில் மெயினை அணையுங்கள். மின்சாரம் இருக்கும்போது தண்ணீர் ஊற்றாதீர்கள். புகை நச்சு, சுவாசிக்காமல் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியேற்றுங்கள். தீ பெரிதென்றால் போனைக் காப்பாற்றப் போகாதீர்கள், 101க்கோ 112க்கோ அழையுங்கள்.

வயதான பேட்டரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 500 முறை முழுமையாக ஏறி இறங்கிய பின் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்சும் என்பது நெடுங்காலம் ஐபோன்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு. 2023இல் வந்த ஐபோன் 15 முதல் அது 1000 முறை ஆயிற்று. ஏறிய சார்ஜ் நிற்காமல் மதியத்துக்குள் தீர்ந்தால், 30 சதவீதம் காட்டும்போதே அணைந்தால், அது மாற்ற வேண்டிய காலம். இணையத்தில் காணொளி பார்த்து வீட்டிலேயே மாற்றுவதை நான் ஊக்குவிப்பதில்லை. பசை போட்டு ஒட்டிய பேட்டரியைப் பிரிக்கும்போதுதான் அதிகம் குத்துப்படுகிறது. கடையில் கொடுக்கும்போது, போடப்போகும் பேட்டரியைக் கையில் வாங்கி எண்ணைப் பாருங்கள், ரசீது கேளுங்கள், பழையதை அங்கேயே ஒப்படையுங்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைத்திருக்கின்றன. குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். அதைக் கையால் அள்ளுகிற தூய்மைப் பணியாளரின் உயிர் அதில் இருக்கிறது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். இன்று வீட்டுக்குப் போனதும் எல்லாச் சார்ஜர்களையும் ஒரு மேசையில் கொண்டுவந்து வையுங்கள். உடைந்தவை, ஒயர் வெளியே தெரிகிறவை, முள் ஆடுகிறவை, பதிவு எண் இல்லாதவை எல்லாவற்றையும் தனியே எடுத்து மின்னணுக் கழிவாகக் கொடுத்துவிடுங்கள். அலமாரியில் உறங்குகிற பழைய போன்களையும் எடுத்து, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். தலையணைக்கு அடியில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்குகிற பிள்ளைகள் இருந்தால், இன்றிரவே அந்தக் கேபிளைக் கட்டிலிலிருந்து அகற்றிக் கல் மேடைக்கோ மேசைக்கோ மாற்றுங்கள்.